டாக்ஸிகோகைனெடிக்ஸ் பக்கம் மாற: எதைப் படிப்பது, எந்த வழியாக நுழைவது?

பிளாஸ்மா_ஐம்பது கேட்டது:

வணக்கம். மருந்து வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு பயோஅனலிட்டிக்கல் லேபில் எல்சி-எம்எஸ் (சாம்பிளில் மருந்தின் செறிவை அளக்கும் கருவி) பார்க்கிறேன். எலி, நாய், குரங்கு பிளாஸ்மா வரும். முறையை வேலிடேட் செய்து, சாம்பிள்களை அளந்து, செறிவு அட்டவணையை அனுப்புவோம். அதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். அந்த எண்களை வைத்து டோஸ் பற்றி வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள். அந்த இடத்துக்கு, அதாவது டாக்ஸிகோகைனெடிக்ஸ் (டிகே: நச்சுச் சோதனையில் விலங்கின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்ப்பது) பக்கம் போக வேண்டும் என்பதுதான் ஆசை.

என் கேள்விகள்: டிகே விஞ்ஞானி என்பவர் நாள் முழுக்க உண்மையில் என்னதான் செய்கிறார்? வின்நான்லின் (இந்தக் கணக்குக்கான கட்டணச் சாஃப்ட்வேர்) லைசன்ஸ் இல்லாமல் பழக வழி உண்டா? பிஎச்டி இல்லாமல் எதுவரை போகலாம்? விலங்குச் சோதனையையே குறைத்துக்கொண்டு வருகிறார்களே, இப்போது இதற்குள் நுழைவது புத்திசாலித்தனமா?

நாள்_28:

முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

எண்களைச் சாஃப்ட்வேரில் போட்டு ஏயூசி (செறிவு-நேர வளைவின் கீழுள்ள பரப்பு) எடுப்பது இந்த வேலையில் சிறு துண்டுதான். விலங்குக்கு முதல் டோஸ் போவதற்கு முன்பே, புரோட்டோகால் வரைவிலேயே டிகே ஆளின் வேலை தொடங்கிவிடும். 28 நாள் எலி ஸ்டடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல், லோ, மிட், ஹை என்று நான்கு குரூப். ஒவ்வொன்றிலும் பொதுவாக ஆண் 10, பெண் 10. பாதிப்பு மீள்கிறதா என்று பார்க்க கன்ட்ரோலிலும் ஹையிலும் கூடுதலாகச் சில. இது போக, ரத்தம் எடுக்க மட்டும் ஒரு ஸாட்டலைட் குரூப். ஏன் தனியாக? எலிக்கு ரத்தம் கிலோவுக்குச் சுமார் 64 மி.லி. 250 கிராம் எலியென்றால் மொத்தமே 16 மி.லி.தான். அதில் 10 சதவீதம் 1.6 மி.லி. ஒரே நாளில் ஆறு முறை, தலா 0.3 மி.லி. எடுத்தால் 1.8 மி.லி. போய்விடும். அதே எலியில் சிவப்பணு குறைந்திருந்தால், குறைத்தது மருந்தா ஊசியா என்று நோயியல் நிபுணரால் சொல்ல முடியாது.

சுண்டெலியில் நிலைமை இன்னும் மோசம். 25 கிராம் உடலில் இருப்பது சுமார் 1.8 மி.லி. ரத்தம். அதனால் ஒரு விலங்கிடம் ஒன்றிரண்டு முறை மட்டும் எடுத்து, பல விலங்குகளின் புள்ளிகளைக் கோத்து ஒரே வளைவாக வரைவார்கள். அப்படிச் செய்தால் குரூப்புக்கு ஒரே ஒரு ஏயூசிதான் கிடைக்கும். தனித்தனி விலங்கின் ஏயூசி கிடைக்காது. "இறந்துபோன அந்த ஒரு விலங்கின் எக்ஸ்போஷர் (உடல் சந்தித்த மருந்தின் அளவு) எவ்வளவு?" என்று பிறகு யாராவது கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். இதை முன்கூட்டியே ஸ்டடி டைரக்டரிடம் சொல்லி வைப்பதும் உங்கள் வேலை.

எந்தெந்த நேரத்தில் ரத்தம் எடுப்பது என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். 0.5, 1, 2, 4, 8, 24 மணி என்று பழைய புரோட்டோகாலிலிருந்து அப்படியே ஒட்டிவிடுவது வழக்கம். முன்னோட்ட ஸ்டடியில் 10 மி.கி./கி.கி. டோஸில் டிமேக்ஸ் (செறிவு உச்சம் தொடும் நேரம்) 1 மணி என்று வந்திருக்கும். ஆனால் 300 மி.கி. சஸ்பென்ஷன் குடலில் மெல்ல மெல்லக் கரையும், உச்சம் 8 மணியைத் தாண்டிப் போகலாம். 8க்கும் 24க்கும் நடுவில் புள்ளி இல்லாவிட்டால் சிமேக்ஸும் (உச்சச் செறிவு) நிச்சயமில்லை, ஏயூசியும் ஊகம்தான். 12 மணிப் புள்ளி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் (இரவு ஷிப்ட்காரர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை).

ஸ்டடி ஓடும்போது கவனிக்க வேண்டியது செறிவு அட்டவணையை மட்டுமல்ல. டோஸ் ஃபார்முலேஷன் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சஸ்பென்ஷனுக்கு மேல், நடு, அடி என மூன்று இடத்தில் சாம்பிள் எடுத்திருப்பார்கள். குறித்த செறிவில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக வைக்கும் எல்லை. அடியில் 130, மேலே 70 என்று வந்தால், வரிசையில் முதலில் டோஸ் வாங்கிய விலங்குக்கும் கடைசி விலங்குக்கும் ஒரே டோஸ் போகவில்லை என்று அர்த்தம். உங்கள் ஏயூசியில் தெரியும் ஏற்ற இறக்கம் உயிரியல் அல்ல, சரியாகக் கலக்காத குறை. நாய் ஸ்டடி என்றால் வாந்திப் பதிவையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். டோஸ் கொடுத்து 40 நிமிடத்தில் வாந்தி, டிமேக்ஸ் 2 மணி என்றால் அந்த நாயின் எக்ஸ்போஷர் நம்பத்தக்கதல்ல. அதற்காக எண்ணை அழிக்கக் கூடாது. அட்டவணையில் காட்டி, சராசரியிலிருந்து விலக்கினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை விதிகள்) ஸ்டடியில் க்யூஏ (தரச் சரிபார்ப்புக் குழு) முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.

கடைசியில்தான் கணக்கு, அதற்குப் பிறகு விளக்கம். டோஸ் மூன்று மடங்கானால் ஏயூசியும் மூன்று மடங்கானதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா? (எலியில், கல்லீரலில் மருந்தை மாற்றும் சிஒய்பி நொதிகள் பாலினத்துக்குப் பாலினம் பெரிதும் மாறும். எலியில் மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம் வந்து நாயில் வரவில்லை என்றால் பதற வேண்டியதில்லை.) 1ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் என்ன மாற்றம்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆளின் தரம் தெரியும். 28ஆம் நாள் ஏயூசி பாதியாகக் குறைந்தால் "ஆட்டோ இண்டக்ஷன்" (மருந்தே தன்னை உடைக்கும் நொதிகளைக் கூட்டிவிடுவது) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது காரணமாக இருக்கலாம். அப்படியானால் கல்லீரல் எடை கூடியிருக்கும், செல்கள் பெருத்திருக்கும், ஹை குரூப்பில் விளைவு அதிகமாகத் தெரியும். மருந்து ஆன்டிபாடி வகை என்றால் அதற்கு எதிராக விலங்கின் உடல் ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். அப்போது குரூப்பில் சில விலங்குகளில் மட்டும் எக்ஸ்போஷர் தரைமட்டமாகும், பெரும்பாலும் லோ டோஸில்தான். குடல் சேதமாகி உறிஞ்சுதல் குறைந்திருக்கலாம். அன்றைய ஃபார்முலேஷனே சரியில்லாமல் இருந்திருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல நோயியல் அறிக்கை, உறுப்பு எடை, டோஸ் பதிவு எல்லாவற்றையும் புரட்டியாக வேண்டும். டிகே விஞ்ஞானிக்குச் சம்பளம் இதற்குத்தான்.

கீழ்ப்பரப்பு:

சாஃப்ட்வேர் கேள்விக்கு வருகிறேன். லைசன்ஸ் இல்லாதது ஒரு தடையே இல்லை. என்சிஏ (மாடல் இல்லாமல் வளைவிலிருந்தே ஏயூசி போன்றவற்றை எடுக்கும் கணக்கு) போட 'ஆர்' மொழியில் பிகேஎன்சிஏ என்ற பேக்கேஜ் இலவசம். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் ஒரு வளைவைக் கையால் போட்டுப் பாருங்கள். கீழே இருப்பது கற்பனை எண்கள்தான், ஆனால் இதில் உள்ள பொறி நிஜம்.

நேரம் 0, 0.5, 1, 2, 4, 8 மணி. செறிவு 0, 420, 610, 500, 260, 80 நானோகிராம்/மி.லி. 24 மணியில் பிஎல்க்யூ, அதாவது அளக்கும் கீழெல்லையான 5க்கும் கீழே. ஏறும்போது லீனியர், இறங்கும்போது லாக் என்ற வழக்கமான முறையில் துண்டு துண்டாகப் போட்டால் 105, 257.5, 553.2, 734.0, 610.9. 8 மணி வரை கூட்டினால் 2,261. இதுவரை சிக்கல் இல்லை.

இனி 8லிருந்து 24 வரை. பிஎல்க்யூவை பூஜ்யம் என்று போடச் சொல்லும் உள்விதிகள் பல இடங்களில் உண்டு. பூஜ்யத்துக்கு லாக் கிடையாது என்பதால் சாஃப்ட்வேர் அந்தத் துண்டுக்கு மட்டும் சத்தமில்லாமல் லீனியருக்கு மாறிவிடும். 80ஐயும் 0ஐயும் நேர்கோட்டால் இணைத்தால் 16 மணி நேரத்துக்கு 640. மொத்தம் 2,901.

அதையே வேறு வழியில் பாருங்கள். கடைசி மூன்று புள்ளிகளில் இறங்கு சரிவு மணிக்கு 0.304, அரை ஆயுள் சுமார் 2.3 மணி. அந்தச் சரிவிலேயே போனால் 24 மணியில் செறிவு 0.6தான் இருக்கும். பிஎல்க்யூ வந்ததற்கும் இது பொருந்துகிறது. இந்தக் கணக்கில் 8லிருந்து 24 வரை 261தான், மொத்தம் 2,522. இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதம்.

15 சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தவறு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். விலங்கின் ஏயூசி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, அதனால் மனிதருக்கான பாதுகாப்பு இடைவெளியும் பெரிதாகத் தெரிகிறது. நாம் விரும்பாத பக்கம் அது. லோ டோஸ் குரூப்பில்தான் 24 மணிப் புள்ளி அடிக்கடி பிஎல்க்யூ ஆகும், ஹை டோஸில் ஆகாது. ஆக லோ மட்டும் ஊதிப்போய், டோஸ் கூடக் கூட ஏயூசி விகிதத்தைவிடக் குறைவாக ஏறுவது போல ஒரு பொய்த்தோற்றமும் வரும். பிஎல்க்யூ விதி என்ன, சரிவுக்கு எத்தனை புள்ளி, குறித்த நேரமா உண்மையில் எடுத்த நேரமா என்பதெல்லாம் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். தரவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த படி, பாதுகாப்பு இடைவெளிக் கணக்கு. எலியில் நோயெல், அதாவது பாதகம் எதுவும் தென்படாத உச்ச டோஸ், 30 மி.கி./கி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் 2005 வழிகாட்டிப்படி உடற்பரப்புக் கணக்கில் எலி டோஸை 6.2ஆல் வகுத்தால் மனிதருக்குச் சமமான டோஸ் 4.8 மி.கி./கி.கி. 60 கிலோவுக்குச் சுமார் 290 மி.கி. வழக்கமான பத்து மடங்குப் பாதுகாப்பு வைத்தால் முதல் டோஸ் 29 மி.கி. இது டோஸை வைத்துப் போட்ட கணக்கு. எக்ஸ்போஷரை வைத்துப் பார்த்தால் கதை மாறலாம். நோயெல்லில் எலியின் ஏயூசி 20,000, மனிதரில் எதிர்பார்க்கும் ஏயூசி 2,000 என்றால் இடைவெளி 10 மடங்கு. ஆனால் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு எலியில் 2 சதவீதம், மனிதரில் 10 சதவீதம் என்றால் கட்டற்ற மருந்து 400க்கு எதிராக 200. இடைவெளி வெறும் 2 மடங்கு. இந்த இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் போட்டுக் காட்டத் தெரிந்தவரை நேர்முகத்தில் யாரும் சும்மா அனுப்பமாட்டார்கள்.

பயிற்சிக்குத் தரவு வேண்டுமானால், எஃப்டிஏ அங்கீகரித்த மருந்துகளின் மருந்தியல்-நச்சியல் மதிப்பாய்வுகளை அதன் தளத்திலேயே பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு மருந்தை எடுங்கள், டிகே அட்டவணையை மட்டும் பாருங்கள், முடிவை நீங்களே எழுதுங்கள். பிறகு மதிப்பாய்வாளர் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பத்து மருந்து இப்படிப் பார்த்தால் எந்தச் சான்றிதழ் வகுப்பும் வேண்டாம்.

மாதிரிக்குழாய்:

மேலே சொன்னவர்கள் எல்லாம் உங்களைப் புதியவராக நினைத்துப் பேசுகிறார்கள். எல்சி-எம்எஸ் பின்னணிதான் உங்கள் பலம், அதைக் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். டிகே எண்களில் வரும் வில்லங்கம் பாதி, கணக்கில் இல்லை, குழாயில் இருக்கிறது.

எஸ்டர் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலி பிளாஸ்மாவில் கார்பாக்ஸிலெஸ்டரேஸ் ஏராளம், மனித பிளாஸ்மாவில் அது கிட்டத்தட்ட இல்லை. மனித பிளாஸ்மாவில் அசையாமல் நிற்கும் மூலக்கூறு எலி ரத்தக் குழாயில் மேசையில் இருந்தபடியே உடைந்துகொண்டிருக்கும். ரத்தம் எடுத்த கணத்திலேயே ஐஸில் வைத்து, எஸ்டரேஸ் தடுப்பானும் குழாயில் முன்பே இருந்தால்தான் அளந்தது உண்மை. அசைல் குளுகுரோனைடு இதற்கு நேர்மாறு. அந்த மெட்டபோலைட் (உடல் மருந்தை மாற்றி உண்டாக்கும் பொருள்) பிளாஸ்மாவில் திரும்ப உடைந்து தாய் மருந்தாகிவிடும், மருந்து உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். குளிரில் வைத்து பிளாஸ்மாவை அமிலமாக்கி வைக்காவிட்டால் ஐஎஸ்ஆர் (சில சாம்பிள்களை மறுபடி அளந்து ஒப்பிடும் சோதனை) கூட இதைக் காட்டிக்கொடுக்காது, முதல் முறை அளக்கும்போதே எல்லாம் மாறி முடிந்திருக்கலாம். இதைப் புரோட்டோகால் வரைவிலேயே கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

அடுத்து, எல்லோரும் பயப்படும் விஷயம்: கன்ட்ரோல் விலங்கில் மருந்து தென்படுவது. ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2005இல் இதற்கென்றே தனி வழிகாட்டி போட்டது என்றால் எவ்வளவு வழக்கமான தொல்லை என்று பாருங்கள். இதைத் துப்பறிய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அந்த சாம்பிளை வெற்று ஊசிக்குப் பிறகு மறுபடி ஓட்டுங்கள். மறைந்துவிட்டால் முந்தைய ஹை டோஸ் சாம்பிளின் எச்சம், அதாவது கேரிஓவர். மறையவில்லையென்றால் அதே நேரப்புள்ளியில் டோஸ் வாங்கிய விலங்கு ஏதாவது பிஎல்க்யூ ஆகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குழாய் மாறிவிட்டது என்பது கிட்டத்தட்ட உறுதி. அப்படியும் இல்லையா? மெட்டபோலைட்டைப் பாருங்கள். டோஸ் வாங்கிய விலங்குகளில் உள்ள விகிதத்திலேயே மெட்டபோலைட்டும் இருந்தால் மருந்து அந்த விலங்கின் உடலுக்குள் போயிருக்கிறது: தவறான டோஸ், தீவனம், அல்லது பக்கத்துக் கூண்டு. தாய் மருந்து மட்டும் இருந்து மெட்டபோலைட் துளியும் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒட்டியது: கையுறை, வால் தோல், சென்ட்ரிஃபியூஜ் மேசை. வாலில் நறுக்கி எடுக்கும் மைக்ரோசாம்பிளிங்கில் இது அடிக்கடி நடக்கும். ஊட்டுகுழல் பிடித்த அதே கையுறையோடு குழாயைத் தொடுவார்கள்.

கன்ட்ரோலில் வந்தது 8 நானோகிராம், லோ குரூப்பின் சிமேக்ஸ் 4,000 என்றால் ஸ்டடி பிழைத்துக்கொள்ளும், விளக்கம் எழுதினால் போதும். எல்லாக் கன்ட்ரோல் விலங்கிலும், எல்லா நேரத்திலும், லோ குரூப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் ஸ்டடியையே மறுபடி நடத்தும் பேச்சு வரும்.

ஐஎஸ்ஆர், க்யூசி (தரக்கட்டுப்பாட்டு சாம்பிள்) விதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: குரோமடோகிராஃபிக்கு 15 சதவீதம், கீழெல்லையில் 20, மறுஅளவீட்டில் மூன்றில் இரண்டு பங்கு 20 சதவீதத்துக்குள். 2022இல் வந்த ஐசிஹெச் (மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் அமைப்பு) வழிகாட்டி எம்10 இதையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்துவிட்டது. நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியவை ஐசிஹெச் எஸ்3ஏ (டிகேவுக்கு மூல ஆவணம், 1994), மனிதச் சோதனைகளுக்குத் தேவையான விலங்கு ஸ்டடிகள் பற்றிய எம்3(ஆர்2), உயிரியல் மருந்துகளுக்கு எஸ்6(ஆர்1). எஸ்3ஏ சின்ன ஆவணம், ஒரு மாலையில் முடித்துவிடலாம். மைக்ரோசாம்பிளிங் பற்றி 2017இல் வந்த கேள்வி-பதில் இணைப்பையும் சேர்த்தே படியுங்கள்.

பிளாஸ்மா_ஐம்பது:

மிக்க நன்றி. கன்ட்ரோல் விஷயத்தில் மெட்டபோலைட்டைப் பார்க்கும் யோசனை எங்கள் லேபில் யாரும் சொன்னதில்லை. பிஎச்டி பற்றியும் விலங்குச் சோதனை பற்றியும் யாராவது சொல்லுங்களேன். எல்லோரும் பிபிபிகே (உறுப்புகளையும் ரத்த ஓட்டத்தையும் வைத்து உடலில் மருந்தின் போக்கைக் கணிக்கும்) மாடலிங் படி, அதுதான் எதிர்காலம் என்கிறார்கள்.

நாள்_28:

பிஎச்டி இல்லாமல் போகக்கூடிய பாதைகள் இவை. சிஆர்ஓவில் (ஒப்பந்த ஆய்வு நிறுவனம்) டிகே அனலிஸ்ட்டாகச் சேர்ந்து அறிக்கை எழுதுவது, பிறகு பல இடங்களில் நடக்கும் ஸ்டடியில் டிகே பகுதிக்கு பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டராகக் கையெழுத்திடுவது. ஸ்டடி டைரக்டர் ஆவது இன்னொன்று. ஜிஎல்பி விதி ஸ்டடி டைரக்டருக்குத் தகுந்த கல்வி, பயிற்சி, அனுபவம் வேண்டும் என்கிறதே தவிர பிஎச்டி வேண்டும் என்று சொல்வதில்லை. மருந்து நிறுவனத்தின் பக்கம், எந்த டோஸில் மனிதரில் தொடங்குவது என்று குழுவில் உட்கார்ந்து வாதிடும் இடத்துக்கு பிஎச்டிக்காரர்களை விரும்புவார்கள், உண்மைதான். ஆனால் சிஆர்ஓவில் பல வகை மூலக்கூறுகளைப் பார்த்தவர்கள் அங்கே போகிறார்கள். நச்சியலில் டிஏபிடி சான்றிதழ் தேர்வு ஒன்று உண்டு. முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் கூடுதல் அனுபவ ஆண்டுகளைக் காட்டி எழுதலாம்.

யாரும் கவனிக்காத ஒரு வாசல் செண்ட் தரவு. எஃப்டிஏவுக்குப் போகும் விலங்கு ஸ்டடித் தரவு இந்த வடிவத்தில்தான் போக வேண்டும். செறிவுகள் பிசி டொமைனில், கணக்கிட்ட அளவீடுகள் பிபி டொமைனில். சுண்டெலி ஸ்டடியில் பல விலங்குகளைச் சேர்த்து ஒரு ஏயூசி எடுத்தீர்கள் அல்லவா, அந்த எண் எந்த விலங்குக்குச் சொந்தம்? எதற்கும் இல்லை. அதனால் விலங்குகளைத் தொகுப்பாக வரையறுத்து அந்தத் தொகுப்பு எண்ணோடு இணைக்க வேண்டும். இதில் தவறு செய்து சமர்ப்பிப்பு திரும்பி வருவது சாதாரணம். டிகே புரிந்தவரும் டேட்டா வடிவம் புரிந்தவரும் ஒரே ஆளாகக் கிடைப்பது அபூர்வம். வேலை சலிப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒழுங்குமுறை எழுத்தும் இதே போலத்தான். சிடிடியில் (மருந்து அனுமதி விண்ணப்பத்தின் பொது வடிவம்) நச்சியல் எழுத்துச் சுருக்கம் 2.6.6இல், டிகே மேலோட்ட அட்டவணைகள் 2.6.7இல். அதை எழுதுகிறவருக்கு ஒரு மருந்தின் எல்லா ஸ்டடியும் ஒரே நேரத்தில் கண்முன் வரும். அங்கே ஒரு வருடம் இருந்தால் கற்றுக்கொள்வது நிறைய.

கீழ்ப்பரப்பு:

மாடலிங் பற்றி நான் கொஞ்சம் முரண்படுகிறேன். பிபிபிகே படிப்பது நல்லதுதான். பிகே-சிம் திறந்த மூலச் சாஃப்ட்வேர், இலவசம். 'ஆர்'இல் ஹெச்டிடிகே பேக்கேஜ் அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஏஜென்சி வெளியிட்டது, சூழல் வேதிப்பொருள்களின் டிகே பழக அருமையானது. ஆனால் இப்போது நடப்பது என்னவென்றால், ஒரு விலங்கு ஸ்டடியின் மூலத் தரவைக்கூடப் பார்த்திராதவர்கள் நூறு அளபுருக்கள் கொண்ட மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்துகிறார்கள். நாய்க்கு ஆல்டிஹைடு ஆக்ஸிடேஸ் நொதி இல்லை, என்-அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸும் இல்லை. இது தெரியாமல் நாய்த் தரவுக்கு மாடலைப் பொருத்தி அதிலிருந்து மனிதருக்குத் தாவினால் மாடல் அழகாக இருக்கும், பதில் தவறாக இருக்கும். முதலில் என்சிஏ, பிறகு இனங்களுக்கு இடையிலான வளர்சிதை வேறுபாடு, அதற்குப் பிறகு மாடல். இந்த வரிசை மாறக் கூடாது.

மாதிரிக்குழாய்:

விலங்குச் சோதனை ஒழிகிறதா என்ற கேள்விக்கு. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய எஃப்டிஏ மாடர்னைசேஷன் சட்டம் 2.0, விலங்குச் சோதனை கட்டாயம் என்று படிக்கத்தக்க வாசகத்தை எடுத்துவிட்டு மாற்று முறைகளையும் ஏற்கலாம் என்றது. விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. 2025 ஏப்ரலில் எஃப்டிஏ வெளியிட்ட திட்டம் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதாகச் சொல்கிறது. அங்கே குறைவதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. மனித இலக்கில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிக்கு விலங்குத் தரவு பல நேரம் எதையும் சொல்லாது. 2006இல் டிஜிஎன்1412 ஆன்டிபாடியை முதன்முதலில் வாங்கிய ஆறு தன்னார்வலர்களும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கொடுத்தது 0.1 மி.கி./கி.கி., குரங்கில் பாதுகாப்பாக இருந்த டோஸில் 500இல் ஒரு பங்கு. அதன் பிறகுதான் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு நோயெல்லிலிருந்து கீழிறங்காமல், உயிரியல் விளைவு தொடங்கும் மிகக்குறைந்த டோஸிலிருந்து கணக்குப் போடும் வழக்கம் வலுப்பட்டது. அந்தக் கணக்குக்கும் தேவை செறிவு-நேர வளைவும் இலக்கோடு பிணையும் வலிமையும்தான். அதாவது டிகே மூளைதான்.

சிறு மூலக்கூறுகளில் விலங்கு எண்ணிக்கை ஏற்கெனவே குறைகிறது, அதுவும் பெரும்பாலும் நம் துறை வழியாகத்தான். ஒரு முறைக்கு 50 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் எலியிடம் ஆறு முறைக்கு 0.3 மி.லி.தான், மொத்த ரத்தத்தில் 2 சதவீதம். மெயின் விலங்கிலேயே எடுக்கலாம், ஸாட்டலைட் குரூப் தேவையில்லை, தனி விலங்கின் ஏயூசியையும் அதன் நோயியலையும் நேருக்கு நேர் வைக்கலாம். ஆனால் 50 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா 20, 25தான் தேறும். முறையில் ஒரு ஓட்டத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்று வைத்தால் மறுஅளவீட்டுக்கும் ஐஎஸ்ஆருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. மருந்தே ரத்த அணுக்களைப் பாதிக்கும் வகை என்றால் மெயின் விலங்கில் எடுப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். இந்த முடிவுகளில் பயோஅனலிட்டிக்கல் ஆளின் குரலுக்கு எடை அதிகம். உங்கள் லேபிலேயே மைக்ரோசாம்பிளிங் முறை வேலிடேஷன் ஒன்று வந்தால் கையைத் தூக்குங்கள்.

ஏடிசி (நச்சு மருந்தை ஏந்திய ஆன்டிபாடி), ஆலிகோநியூக்ளியோடைடு (சிறு டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழை மருந்து) பக்கமும் பாருங்கள். ஏடிசியில் மொத்த ஆன்டிபாடி, மருந்து ஏந்திய ஆன்டிபாடி, தனியாகக் கழன்ற நச்சு என மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆலிகோவில் பிளாஸ்மா மணிக்கணக்கில் காலியாகிவிடும், ஆனால் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து வாரக்கணக்கில் தங்கும். பிளாஸ்மா ஏயூசியை மட்டும் காட்டிப் பாதுகாப்பு இடைவெளி பேசினால் அங்கே எடுபடாது.

பிளாஸ்மா_ஐம்பது:

கடைசியாக ஒன்று. உள்ளேயே டிகே குழுவில் ஓர் இடம் காலியாகிறது. முன்னோட்டமாக ஓர் அட்டவணை கொடுத்தார்கள்: எலி, டோஸ் 30, 100, 300 மி.கி./கி.கி., ஏயூசி 3,000, 9,500, 10,200. "என்ன சொல்வீர்கள்?" என்பதுதான் கேள்வி. உறிஞ்சுதல் நிரம்பிவிட்டது என்று சொன்னால் போதுமா?

நாள்_28:

போதாது, அது முதல் வரி மட்டும்தான். 300இல் ஃபார்முலேஷன் செறிவு சரியாக இருந்ததா, டிமேக்ஸ் தள்ளிப்போனதா, விலங்குக்கு விலங்கு சிதறல் கூடியதா என்று கேளுங்கள். டிமேக்ஸ் நீண்டு, சிமேக்ஸ் தட்டையாகி இருந்தால் கரைதிறன்தான் எல்லை. அப்புறம் நச்சு விளைவைக் கேளுங்கள். 100இலும் 300இலும் ஒரே அளவு பாதிப்பு என்றால் எக்ஸ்போஷரோடு ஒத்துப்போகிறது. 300இல் மட்டும் குடல் பாதிப்பு என்றால் அது ரத்தத்தில் ஏறிய மருந்தால் அல்ல, குடலில் கரையாமல் கிடந்த மருந்தால்.

அதற்குப் பிறகு அடுத்த ஸ்டடிக்கு என்ன செய்வது. ஒரே டோஸை இரண்டாகப் பிரித்துக் காலை, மாலை கொடுக்கலாம், வெஹிக்கிளை (மருந்தைக் கலக்கும் திரவம்) மாற்றலாம், உப்பு வடிவத்தையோ அமார்ஃபஸ் (படிகமற்ற) வடிவத்தையோ முயலலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பு மனிதரில் எதிர்பார்க்கும் ஏயூசி என்ன என்று கேளுங்கள். அது 190 அல்லது அதற்குக் கீழே என்றால் 100 மி.கி. டோஸிலேயே 50 மடங்கு இடைவெளி கிடைத்துவிட்டது. எம்3(ஆர்2) ஏற்கும் உச்ச டோஸ் எல்லைகளில் அதுவும் ஒன்று, 300ஐத் தூக்கிவிடலாம். 2,000 என்றால் ஐந்து மடங்குகூட இல்லை, ஃபார்முலேஷன் குழுவை அன்றைக்கே கூப்பிட வேண்டும்.